பந்து மறையும், வித்தைக்காரர் எங்கே போவார்?

கரோல் பாகில் மெட்ரோ ரயிலேறி ஜனக்புரிப் பக்கம் போகும் தமிழர்கள், படேல் நகர் தாண்டியதும் ஷாதிப்பூர் என்ற நிலையத்தைக் கடக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது பஸ் டிப்போ இருக்கும் இடம், அவ்வளவுதான். ஆனால் மாயாஜாலக் கலையை ஆராய்ந்தவர்களுக்கு ஷாதிப்பூர் டிப்போ ஒரு க்ஷேத்திரம். ஹவாய் பல்கலைக் கழகப் பேராசிரியர் லீ சீகல் இங்கே வந்து தெரு வித்தைக்காரர்களோடு பழகி, 1991-ல் இந்திய மாயாஜாலம் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். டிப்போவுக்கு அருகில் 2017ம் ஆண்டு வரை இருந்த கட்புத்லி காலனிதான் அதற்குக் காரணம். 'கட்புத்லி' என்றால் மரப்பொம்மை. ராஜஸ்தானிலிருந்து வந்த பொம்மலாட்டக்காரர்கள் கூடாரமடித்துத் தங்கிய இடம். பின்னால் கழைக்கூத்தாடிகளும், டோலக் வாசிப்பவர்களும், பாம்பாட்டிகளும், 'ஜாதூகர்' என்று இங்கே சொல்லப்படும் மாயாஜால வித்தைக்காரர்களும் வந்து சேர, அது கலைஞர்களின் ஊராகவே ஆகிவிட்டது.

அந்த வித்தைக்காரர்களின் பையில் இருப்பவற்றுள் மிகச் சிறியது பந்து. நெல்லிக்காய் அளவுத் துணிப் பந்து. இல்லாவிட்டால் எலுமிச்சம்பழ அளவில் சிவப்பு ஸ்பாஞ்சுப் பந்து. பையனைக் கூடையில் அடைத்துக் கத்தியால் குத்துவது, நாக்கில் ஊசி ஏற்றுவது போன்ற பயங்கரங்களெல்லாம் பிறகுதான். முதலில் பந்து. கூட்டத்திலிருந்து ஒரு சிறுவனை அழைத்து, "கையை நீட்டு, பேட்டா" என்கிறார் வித்தைக்காரர். ஒரு பந்தை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை இறுக மூடச் சொல்கிறார். இன்னொரு பந்தைத் தம் கையில் மூடிக்கொள்கிறார். ஏக், தோ, தீன்! தம் கையை விரித்தால் காலி. சிறுவன் தன் கையை விரித்தால் இரண்டு பந்துகள் துள்ளி விழுகின்றன!

அந்த நேரத்தில் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கவேண்டும். மற்ற வித்தைகளில் அதிசயம் வித்தைக்காரரின் கையில் நடக்கிறது. பார்ப்பவர் சந்தேகப்பட இடம் உண்டு. இதில் அவனுடைய சொந்தக் கையிலேயே நடந்துவிடுகிறது. தன் கையை எப்படிச் சந்தேகிப்பது? மூன்றாம் வகுப்புப் பையனிலிருந்து முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர் வரை எல்லோரும் ஒரு கணம் வாயடைத்துப் போவது இதனால்தான்.

சொல்லிலேயே இருக்கும் வித்தை

தமிழர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. பட்ஜெட்டில் கணக்கை மாற்றிக் காட்டினால் 'செப்பிடு வித்தை' என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சாடுகிறார்கள். செப்படி வித்தை என்றும் சொல்வதுண்டு. சொல்பவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லை நின்று பார்த்திருப்பார்கள்? செப்பு என்றால் சிமிழ், சிறு கிண்ணம். குழந்தைகள் வைத்து விளையாடும் மரச் செப்புச் சாமானில் இன்றும் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. செப்பைக் கவிழ்த்து வைத்து, உள்ளே இருக்கும் பந்தை இல்லாமலாக்கி, இல்லாத பந்தை இருக்கச் செய்வதே செப்பு வித்தை. தெருவில் பிறந்த சொல் சட்டசபை வரை போய்விட்டது. அதைக் கொடுத்தவர்தான் தெருவிலேயே நின்றுவிட்டார்.

பக்கத்து வீடான கேரளத்தில் இதே வித்தைக்குச் 'செப்பும் பந்தும்' என்றே பெயர். கையடக்க வித்தையில் நிகரற்றவர் என்று மலையாளிகள் கொண்டாடும் வாழக்குன்னம் நம்பூதிரி, 1983-ல் மறையும் வரை, இந்தச் செப்புக்கும் பந்துக்கும் பேர்போனவராக விளங்கினார். சபையில் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கச் செய்வார். பெரிய பெரிய பெட்டிகளும் மின்விளக்குகளும் வேண்டாத கலை.

கடல் கடந்து போன கதையும் உண்டு. 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் போய்ப் பெயர் வாங்கிய இந்திய வித்தைக்காரர் ஒருவரை அங்கிருந்த பத்திரிகைகள் 'ராமோ சாமி' என்று எழுதின. ராமசாமிதான் வெள்ளைக்காரன் நாக்கில் ராமோ சாமி ஆகியிருக்கிறது. சென்னைப் பக்கத்து மனிதர் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. கிண்ணமும் பந்தும், பித்தளைக் குண்டுகளை வீசிப் பிடிப்பது, வாளை விழுங்குவது எல்லாம் அந்த நாளைய இந்தியக் குழுக்களின் நிகழ்ச்சிகள். 1819-ல் ராமோ சாமி அமெரிக்காவுக்கும் போய் வந்தார். ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1821-ல் வெளியிட்ட நூலில் இந்திய வித்தைக்காரர்கள் பற்றிய கட்டுரை புகழ் பெற்றது. அதில் வரும் தலைமை வித்தைக்காரர் இவராகவே இருக்கவேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக அவர் தரையில் வந்து உட்காருவதிலிருந்துதான் ஹாஸ்லிட் தொடங்குகிறார். இவ்வளவு புகழ் பெற்ற ராமோ சாமி 1850-ல் இறந்தபோது அடக்கம் செய்யப் பணமில்லை. அவருடைய மனைவி லண்டன் பத்திரிகை ஒன்றின் மூலம் உதவி கேட்கவேண்டியிருந்தது.

தரையிலே உட்கார்ந்து...

அந்த 'தரையில் வந்து உட்காருவது' கவனிக்கத்தக்கது. மேல்நாட்டு வித்தைக்காரர் மேஜைக்குப் பின்னால் நிற்பார். பார்ப்பவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊர் வித்தைக்காரர் குந்தி உட்காருவார். பார்ப்பவர்கள் சுற்றிலும் நிற்பார்கள். முதுகுக்குப் பின்னாலும் கண்கள், தலைக்கு மேலும் கண்கள். மேஜை கிடையாது, திரை கிடையாது, சட்டைக் கையில் ஒளித்தார் என்று சொல்லலாமென்றால் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருப்பார்.

இதற்கேற்ற கருவி, அடி அகன்று உயரம் குறைந்த மரக் கிண்ணம். கவிழ்த்து வைத்தால் மேலே ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் குமிழை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துத் தூக்கும்போது மற்ற விரல்களும் உள்ளங்கையும் விளிம்புக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. அதற்கு மேல் சொல்லிப் பிழைப்பைக் கெடுப்பது நியாயமல்ல. மேல்நாட்டு உலோகக் கிண்ணங்கள் உயரமானவை. அவற்றின் கைப்பழக்கம் வேறு. உயரம் குறைந்த நம் கிண்ணம், மேலேயிருந்து குனிந்து பார்க்கும் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து பிழைக்கவேண்டியவன் கண்டுபிடித்தது என்பது பார்த்தாலே தெரிகிறது.

பந்தில் துணிப் பந்துக்குத்தான் வயது அதிகம். பழந்துணியைச் சுருட்டித் தைப்பது. வழுக்காது, உருளாது, விழுந்தால் சத்தம் வராது. ஸ்பாஞ்சுப் பந்து 20ம் நூற்றாண்டுச் சரக்கு. அமெரிக்க மாயாஜாலக்காரர்கள் பரப்பியது. ரொட்டிக் கடைத் தொழிலை விட்டு மாயாஜாலத்துக்கு வந்த ஆல்பர்ட் கோஷ்மன் (1920-1991) இந்தப் பந்து வித்தையாலும், அவர் செய்து விற்ற பந்துகளாலும் உலகமெங்கும் தொழில்காரர்களுக்குத் தெரிந்தவர். ஸ்பாஞ்சின் மகிமை, அமுக்கினால் அடங்குவது. விட்டால் பழைய அளவுக்குப் பூரிப்பது. இரண்டு பந்தும் சேர்ந்து ஒன்றின் இடத்தில் ஒடுங்கிவிடும். மெத்தைக் கடையில் மிஞ்சும் நுரைத் துண்டைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிச் சாயம் ஏற்றினால் பந்து தயார். விலையில்லாத பொருள்.

ஆனால் தெருவுக்கு வந்தால் ஸ்பாஞ்சு கொஞ்சம் அழுகுணி. தில்லியின் மே மாத வெயிலும் புழுதிக் காற்றும் அதற்கு ஆகாது. வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் மங்கி, நாளாவட்டத்தில் பொடிப்பொடியாக உதிரும். ஜனவரிக் குளிரில் வேறு தொல்லை: விறைத்துப்போன விரல் பந்தை அமுக்குவதில் ஒரு நொடி பிந்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். துணிப் பந்துக்கு இந்த வம்பில்லை. அதனால்தான் கிண்ணத்துக்குத் துணியும், பிள்ளைகளின் கைக்கு ஸ்பாஞ்சும் என்று இரண்டுக்கும் தெருவில் இடமிருக்கிறது.

விரல் வேகந்தான் இதில் எல்லாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். வேகமாகச் செய்தால் ஏதோ செய்கிறார் என்று தெரிந்துவிடும். நிதானமாகச் செய்யவேண்டும். வலக் கையிலிருந்து இடக் கைக்குப் பந்து போவதாகக் காட்டும்போது வித்தைக்காரரின் கண்ணும் இடக் கையைத் தொடரவேண்டும்; தாமே நம்புவதுபோல் நம்பவேண்டும். அவர் கண் போகும் இடத்துக்குக் கூட்டத்தின் கண்ணும் போகும். கோயில் வாசலில் ஒருவர் அண்ணாந்து பார்த்தால் பத்துப் பேர் அண்ணாந்து பார்க்கிறார்களே, அதே கதைதான்.

வட்டம் போடுவது

கைப்பழக்கம் வீட்டிலே வரும். வட்டம் போடத் தெருவுக்குத்தான் வரவேண்டும். தெரு வித்தையில் உண்மையான படிப்பு இதுதான். நாடக மேடைக்காரருக்குச் சீட்டு வாங்கிய கூட்டம் காத்திருக்கிறது. பி.சி. சர்க்காருக்கு, 1971-ல் ஜப்பானில் அவர் மறையும் வரை, உலகத்தின் பெரிய அரங்குகள் காத்திருந்தன. தெரு வித்தைக்காரருக்குக் காத்திருப்பவர் யாருமில்லை. ஆபீசுக்கு ஓடுகிறவரையும், காய்கறிப் பையோடு போகிறவரையும் நிறுத்தவேண்டும். நிறுத்திய பின் போகவிடாமல் வைத்திருக்கவேண்டும்.

உடுக்கை ஒலிக்கும். ஊதுகுழல் கூப்பிடும். முதலில் குழந்தைகள் சேருவார்கள். "பச்சா லோக், தாலி பஜாவ்!" என்று உஸ்தாத் குரல் கொடுப்பார். (தில்லிக்குப் புதிதாக வந்த தமிழருக்குத் 'தாலி' காதில் விபரீதமாகத்தான் விழும், கைதட்டச் சொல்கிறார், வேறொன்றுமில்லை.) கைதட்டல் கேட்டால் பெரியவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அப்போது வருவான் 'ஜமூரா', உஸ்தாதின் கையாள். பெரும்பாலும் சொந்த மகன் அல்லது தம்பி மகன்.

"ஜமூரே!"

"ஜீ, உஸ்தாத்!"

"கேட்டதைச் சொல்வாயா?"

"சொல்வேன்!"

"சுற்றச் சொன்னால் சுற்றுவாயா?"

"சுற்றுவேன்!"

இந்தக் கேள்வி பதில் வட இந்தியா முழுதும் பிரசித்தம். தெரு நாடகக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிந்தாலும் உஸ்தாதுக்கு இதில் காரியம் இருக்கிறது. ஜமூரா வாயாடும் நேரத்தில் கூட்டம் அவனைப் பார்க்கிறது. உஸ்தாதின் கை தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

சென்னையில் இதற்குச் சமமானவர் மோடி மஸ்தான். 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் வெளிப்புறத்தில் அவரைப் பார்த்து நின்றவர்கள் தில்லித் தமிழர்களிலும் பலர் இருப்பார்கள். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன் என்பார். கடைசி வரை விடமாட்டார். நடுவிலே கிளம்பினால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டுவார். முடிவில் தாயத்து விற்பார். தில்லி உஸ்தாதின் சாமர்த்தியமும் இதே ஜாதிதான். கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே, வித்தை பலிக்காது என்பார். உண்மையில், கையைக் கட்டியவன் போகத் தயாராக நிற்பவன். கட்டை அவிழ்த்துக் கைதட்டினால் அவனும் வட்டத்தில் ஒருவனாகிவிடுகிறான். மிரட்டலை மூட நம்பிக்கை என்று பகுத்தறிவாளர்கள் கண்டிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் டிக்கெட்டும் நாற்காலியும் வாசற்கதவும் இல்லாத கொட்டகைக்கு வார்த்தைதானே சுவர்?

காசு கேட்பதற்கும் நேரம் உண்டு. வித்தை முடிந்த பின் கேட்டால் முதுகுகள்தான் தெரியும். ஆகவே கடைசிக் கிண்ணத்தைத் தூக்கும் முன் நிறுத்திவிடுவார். உள்ளே இருப்பது பந்தா, எலுமிச்சம்பழமா, கோழிக்குஞ்சா? எல்லோரும் குனிந்து பார்க்கும்போது, "பாபி பேட் கா சவால் ஹை, பாபுஜி" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். 'எல்லாம் இந்த ஒரு சாண் வயிற்றுக்காகத்தான்' என்று நம் பக்கம் சொல்வதன் இந்தி வடிவம். ஜமூரா தட்டோடு சுற்றி வருவான். சில்லறை விழும், பத்து ரூபாய் நோட்டும் விழும். வட்டத்தில் பாதிப் பேர் நழுவுவார்கள். மிச்சமிருப்பவர்களுக்காகக் கிண்ணம் தூக்கப்படும்.

சட்டத்தின் கண்ணில்

அந்தத் தட்டுதான் வினை. 1959ம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சை ஒழிப்புச் சட்டம் 1960-ல் தில்லிக்கும் கொண்டுவரப்பட்டது. பொது இடத்தில் பிச்சை கேட்பதும் வாங்குவதும் குற்றம் என்றதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. பாட்டு, ஆட்டம், ஜோசியம், வித்தை காட்டுவது, சாமான் விற்பது ஆகியவற்றைச் சாக்காக வைத்துக் கேட்டாலும் பிச்சைதான் என்று விளக்கம் தந்தது. போலீஸார் வாரண்டு இல்லாமலே பிடிக்கலாம். முதல் முறை அகப்பட்டால் 1 ஆண்டு முதல் 3 ஆண்டு வரை காப்பகத்தில் அடைப்பு. திரும்பத் திரும்ப அகப்பட்டால் 10 ஆண்டு வரை போகலாம். கிங்ஸ்வே கேம்பில் இதற்கென்றே தனி நீதிமன்றம் இருந்தது. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்கு நகரைத் 'துப்புரவு' செய்த நாட்களில், வண்டியிலேயே வந்து விசாரிக்கும் நடமாடும் நீதிமன்றமும் ஓடியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே ஷாதிப்பூர்க் கலைஞர்களை அரசாங்கமே வெளிநாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. கலை அமைப்பாளர் ராஜீவ் சேத்தியின் முயற்சியில் தெருக் கலைஞர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1985-ல் வாஷிங்டனில் நடந்த இந்திய விழாவில் அமெரிக்க மக்கள் நம் தெருக் கலைஞர்களைச் சூழ்ந்து நின்று கைதட்டினார்கள். கட்புத்லி காலனியின் பொம்மலாட்டக் கலைஞர் புரண் பட் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். அகாதமி விருது பெற்றவரும் 'பிச்சைக்காரர்' என்று பிடிக்கப்படக்கூடியவரும் ஒரே சந்தில், ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். வாஷிங்டனில் செய்ததைச் செங்கோட்டை முன்னால் செய்தால் லத்தி என்பது எந்த ஊர் நியாயம்?

கூட்டம் கூடினால் ஜேப்படித் திருடன் வருவான் என்பது போலீஸ் தரப்பு. அதை ஒரேயடியாகத் தள்ளிவிடமுடியாது. ஹைரோனிமஸ் பாஷ் என்ற ஓவியர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வரைந்த படமொன்றில், மேஜைமேல் கிண்ணமும் பந்துமாக வித்தைக்காரர் நிற்கிறார். வாய்பிளந்து குனிந்து பார்க்கும் ஆசாமியின் பணப்பையைப் பின்னாலிருப்பவன் கழற்றுகிறான். பழைய தொல்லைதான். ஆனால் ஜேப்படிக்காரன் மெட்ரோவிலும் வருகிறான். அதற்காக யாரும் மெட்ரோவை நிறுத்திவிடவில்லை.

2018 ஆகஸ்டு 8-ல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு அளித்தது. தாற்காலிகத் தலைமை நீதிபதி கீதா மித்தல், நீதிபதி ஹரி சங்கர் ஆகியோர் அடங்கிய பெஞ்சு, பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகள் தில்லியில் செல்லாது என்று தள்ளிவிட்டது. பிறரை வற்புறுத்திப் பிச்சையெடுக்க வைப்பதைத் தண்டிக்கும் பிரிவு மட்டும் தப்பியது. மறு ஆண்டு ஜம்மு-காஷ்மீர் உயர் நீதிமன்றமும் அங்கிருந்த அதே மாதிரிச் சட்டத்தை ரத்து செய்தது. அப்போது அங்கே தலைமை நீதிபதி அதே கீதா மித்தல் அம்மையார்தான். மகாராஷ்டிரத்தில் இந்தச் சட்டத்தைத் தில்லித் தீர்ப்பு தொடவில்லை. தமிழ்நாட்டுக்கு 1945ம் ஆண்டிலிருந்து வேறு சட்டம்.

தீர்ப்பு வந்ததும் தில்லி வித்தைக்காரர் குற்றவாளிப் பட்டியலிலிருந்து விடுபட்டார். ஆனால் எங்கே நின்று வித்தை காட்டலாம் என்று எந்தக் காகிதமும் அவருக்குச் சொல்லவில்லை. கூட்டம் கூடக்கூடாது என்ற தடை உத்தரவு இருக்கிறது. (பழைய 144வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அதன் எண் 163.) 2000 டிசம்பரில் செங்கோட்டைக்குள் தீவிரவாதிகள் சுட்ட சம்பவத்துக்குப் பிறகு கோட்டையைச் சுற்றிக் காவல் இறுகிவிட்டது. 'இது பிச்சையல்ல' என்று தீர்ப்பைக் காட்டலாம். 'போக்குவரத்துக்கு இடைஞ்சல், நகரு' என்று சொல்லும் கான்ஸ்டபிளிடம் காட்ட என்ன இருக்கிறது? வெளிநாட்டு நகரங்கள் சிலவற்றில் தெருக் கலைஞர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்து, இடமும் நேரமும் குறித்துக் கொடுக்கிறார்கள். ஒரு வட்டத்துக்குப் பதினைந்தடி இடம் போதும். மாநகராட்சிப் பூங்காக்கள் எத்தனையோ இருக்கும் தில்லியில் அதற்கு வழியில்லை என்றால் நம்ப முடியுமா?

காலனி போன கதை

தொழில் செய்ய இடம் போனதோடு, குடியிருந்த இடமும் போயிற்று. கட்புத்லி காலனியை அங்கேயே அடுக்குமாடியாகக் கட்டித் தருவதென்று தில்லி வளர்ச்சி ஆணையம் 2009-ல் தனியார் கட்டுமான நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தது. ஏழைகளுக்கு 2,800 வீடுகள். மிச்ச நிலத்தில் விற்பனைக்கு ஆகாசமளாவிய மாளிகை. அதுவரை தங்க ஆனந்த் பர்பத்தில் இடைக்கால முகாம். போனவர்கள் போனார்கள், நம்பாதவர்கள் போகவில்லை. 2017 அக்டோபர் 30-ல் புல்டோசர்கள் வந்தன. தகுதிப் பட்டியல் சிக்கலில் மாட்டிய குடும்பங்கள் பலவற்றுக்கு நகரின் வடகோடியான நரேலாதான் கிடைத்தது. இடைக்கால முகாம் என்பது இரண்டு ஆண்டுக்கு என்று சொல்லப்பட்டது. 2023-லும் குடும்பங்கள் அங்கேயே இருந்தன. காலனியின் கடைசி நாட்களைப் பற்றி 2014-ல் வெளிவந்த ஆவணப் படத்துக்கு 'நாளை நாம் மறைந்துவிடுவோம்' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள்.

சந்துகளில் வாழ்ந்த வாழ்க்கையை யாரும் சொர்க்கம் என்று சொல்லவேண்டாம். சாக்கடையும், கூரை ஒழுகலும், வரிசையில் நின்று தண்ணீர் பிடிப்பதும் அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நல்ல வீடு வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் வித்தைக்காரருக்கு அந்தச் சந்துதான் பள்ளிக்கூடம். பந்தை விரலிடுக்கில் ஒளிக்க மாமன் சொல்லிக்கொடுப்பார். ஒளித்தது தெரிகிறது என்று எதிர்வீட்டுப் பாட்டி சிரிப்பாள். அந்தப் பாட்டியின் கண்ணை ஏமாற்றிய பிறகே பையன் தெருவுக்குப் போவான். டோல் வேண்டுமென்றால் அடுத்த வீடு; கூடை வித்தைக்குக் கூடை வேண்டுமென்றால் நாலாம் வீடு. கல்யாணத்துக்குக் கலைஞர் தேடி வருகிறவரும் டிப்போ என்று கேட்டு நேரே வந்துவிடுவார். ஒருவர் ஆனந்த் பர்பத்திலும் ஒருவர் நரேலாவிலும் என்று பிரிந்த பின் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மணி அடிப்பவர் யார்?

இந்தக் கூட்டத்திலிருந்து உலகப் பெயர் வாங்கியவர்களும் உண்டு. இஷாமுத்தீன் கான் என்ற ஷாதிப்பூர் வித்தைக்காரர், கட்டுக்கதை என்று பலர் தள்ளிவிட்ட இந்தியக் கயிற்று வித்தையை 1995-ல் தில்லியில் வெட்டவெளியில் செய்து காட்டினார். கயிறு தானே எழுந்து நிற்க, சிறுவன் அதில் ஏறினான். அந்த வித்தைக்கு வெளிநாட்டில் இவ்வளவு பிராபல்யம் வந்ததே ஒரு பத்திரிகைப் புளுகினால்தான். சிகாகோ டிரிப்யூன் 1890-ல் ஒரு கற்பனைச் செய்தியை வெளியிட்டுச் சில மாதம் கழித்துத் தானே மறுத்தது. மறுப்பை யாரும் படிக்கவில்லை! ஆதி சங்கரரோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரம்ம சூத்திர பாஷ்யத்தில், கயிற்றில் ஏறும் மாயாவியையும் தரையில் நிற்கும் மாயாவியையும் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். தரையில் நிற்பவர்தான் நிஜம் என்பது அவர் வாதம். தரையில் நிற்பவருக்குத்தான் இன்று இடத்தகராறு.

கேரளத்தில் ஒரு வழி கண்டார்கள். மாயாஜாலக் கலைஞர் கோபிநாத் முதுகாட் முன்னின்று, திருவனந்தபுரத்தையடுத்த கழக்கூட்டத்தில் 2014-ல் தொடங்கிய 'மேஜிக் பிளானட்' என்ற இடத்தில் தெரு வித்தைக்காரர்களுக்கு மாதச் சம்பளத்தோடு வேலை கொடுக்கப்பட்டது. வருகிறவர்கள் சீட்டு வாங்கி வருவார்கள். மழை வந்தாலும் கூரை இருக்கும். தில்லியில் அப்படி ஒன்று எழவில்லை. இங்கே குழந்தைகளின் பிறந்த நாள் விருந்து, பள்ளிக்கூட விழா, ஹோட்டல் விருந்து ஆகியவைதான் கை கொடுக்கின்றன. அங்கே ஸ்பாஞ்சுப் பந்துக்கு நல்ல மரியாதை. தரை சுத்தமாக இருக்கிறது, புழுதி இல்லை, பிள்ளைகள் கை நீட்டத் தயாராக இருக்கிறார்கள். பேசிய தொகை கைக்கு வருவதால் கடைசிக் கிண்ணத்தை நடுவில் நிறுத்தவேண்டியதும் இல்லை. ஆனால் இங்கிலீஷ் கொஞ்சம் பேசவேண்டும், கோட்டும் தொப்பியும் போடவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஜமூராவுக்கு அங்கே வேலையில்லை. மேஜைக்குப் பின்னால் ஒருவர் போதும்.

1987 முதல் அரியானா எல்லையில் நடந்து வரும் சூரஜ்குண்டு கைவினை மேளாவில் மட்டும் பழைய வட்டத்தைப் பார்க்கலாம். அங்கே பெரிய மேடை இருக்கிறது. மேடையில் பந்து எடுபடாது. பத்தடிக்கு அப்பால் எலுமிச்சம்பழ அளவுப் பொருள் யார் கண்ணுக்குத் தெரியும்? வித்தைக்குப் பார்ப்பவர் கையும் அல்லவா வேண்டும்? ஆகவே கடைகளுக்கு நடுவே நடைபாதையோரம் துணியை விரித்துக் குந்துகிறார்கள். நுழைவுச் சீட்டு வாங்கி வந்த ஜனங்கள் வட்டமாகச் சூழ்ந்து கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரும் எட்டிப் பார்க்கிறார், விரட்டுவதில்லை. மேளா பிப்ரவரி மாதத்தில், ஏறக்குறைய இரண்டு வாரம்.